ஆபரேஷனுக்கு முன் அழும் குழந்தை



தியேட்டர் வாசலில் நம்மை விட்டுப் பிரியும்போது குழந்தை வீறிட்டு அழும். ஊசி இல்லாமலே அந்தப் பயத்தைக் குறைக்க வழி உண்டு. மிடசோலம் மருந்தைச் சிரப்பாகவோ மூக்கில் ஸ்பிரேயாகவோ தருவார்கள். டெக்ஸ்மெடெடோமிடின் மருந்தை நெபுலைசர் மாஸ்க்கில் சுவாசிக்க வைப்பதும் உண்டு. சுமார் அரை மணி நேரத்தில் குழந்தை அமைதியாகும். இது முழு மயக்கம் அல்ல. தேவையா என்று மயக்க மருத்துவர் முடிவு செய்வார். கேட்பது நம் உரிமை.

சளி, இளைப்பு, தூக்கத்தில் குறட்டை இருந்தால் மறைக்காம சொல்லுங்க. "பசிக்குதும்மா"ன்னு அழுதாலும் ரகசியமா பிஸ்கட் கொடுக்காதீங்க. மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பொதுவாக உணவை 6 மணி நேரம், தாய்ப்பாலை 4 மணி நேரம் முன்பே நிறுத்தணும். தண்ணீருக்கு டாக்டர் சொல்ற நேரம்தான் கணக்கு. மருந்து கொடுத்தபின் குழந்தையை நடக்க விடாதீங்க, மடியிலேயே வச்சுக்குங்க.

நம்ம குழு கூட்டத்தில் இதை எல்லோருக்கும் சொல்லுங்க.