உதட்டுக்குத் தெரியும், கால் விரலுக்குத் தெரியாது

குழந்தையைக் குளிப்பாட்டுற தண்ணி சூடான்னு பார்க்கும்போது உள்ளங்கையை நம்பாதீங்க, முழங்கையை விட்டுப் பாருங்கன்னு சொல்வாங்க. ஏன்? உள்ளங்கையில தோல் தடிமன். அதோட, சூடான பாத்திரத்தைப் பிடிச்சுப் பிடிச்சு மரத்துப்போன கை அது. அதே உடம்புதான், ஆனா இடத்துக்கு இடம் ரீடிங் மாறுது.

சூட்டை உணர்றது நரம்பு முனைகள்ல இருக்குற சில புரதங்கள். டிஆர்பிவி1 அப்படிங்கிற புரதம் சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினா திறந்துக்கும். மிளகாயோட காரமும் இதையேதான் திறக்குது, அதனாலதான் காரத்தை 'எரியுது'ன்னு சொல்றோம். நம்ம மொழி இதை எப்பவோ கண்டுபிடிச்சிடுச்சு! குளிருக்கு டிஆர்பிஎம்8. தைலம் தேய்ச்சா ஜில்லுனு இருக்கே, அதுல இருக்குற மென்தால் இதைத் தட்டி எழுப்புறதுதான் காரணம். இந்த ஆராய்ச்சிக்காகவும் தொடுவுணர்வு ஆராய்ச்சிக்காகவும் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ரெண்டு பேருக்கும் 2021-ல மருத்துவ நோபல் கிடைச்சது.

ஆனா இந்த சென்சார் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வேலை செய்யுறதில்ல. 1998-ல ஸ்டீவன்ஸ், சூ அப்படின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 18-லிருந்து 88 வயசு வரைக்கும் உள்ளவங்களோட உடம்புல 13 இடங்களைச் சோதிச்சாங்க. வாயைச் சுத்தி இருக்குற பகுதி ரொம்ப கூர்மை. டீயை உதட்டுல வெச்சதுமே தெரிஞ்சிடுதுல்ல? கை கால் பக்கம் போகப் போக உணர்வு மட்டம். கூர்மையான இடத்துக்கும் மந்தமான இடத்துக்கும் சுமார் நூறு மடங்கு வித்தியாசம்! எல்லா இடத்துலயும் சூட்டை விட குளிரைத்தான் சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம். வயசாக ஆக இந்த உணர்வு குறையுது, பாதத்துல ரொம்பவே குறையுது.

இங்கதான் விஷயம் சீரியஸ். சுகர் இருக்குறவங்களுக்கு நரம்பு பாதிப்பு பெரும்பாலும் கால் விரல்லதான் ஆரம்பிக்கும், ஏன்னா அங்க போற நரம்புதான் நீளமானது. ஏற்கெனவே மந்தமான சென்சார், அதுவும் போச்சுன்னா? கால் வலிக்குதேன்னு வெந்நீர்ல காலை வைப்பாங்க, தோல் வெந்துபோறது தெரியாது. மே மாச மத்தியானத்துல கோயில் பிரகாரத்தைச் சுத்தி வந்தாலும் இதே கதைதான்.

"எனக்குச் சுடவே இல்லியே"ன்னு அவங்க சொல்றது பொய் இல்ல. அதனால தண்ணியை வீட்டுல வேற யாராவது தொட்டுப் பார்த்துட்டுக் குடுங்க. ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி அவங்க பாதத்தை, விரல் இடுக்கு உட்பட, நல்ல வெளிச்சத்துல ஒரு தடவை பாருங்க. கொப்புளம் இருந்தா அவங்களுக்கு முன்னாடி உங்க கண்ணுக்குத்தான் தெரியும்.