முதற் பூ



நம் சங்கத் தையற்கூடத்து எம்பிராய்டரி இயந்திரம் குறித்துச் சில சொல்ல விழைகிறோம்.

நூலால் தலைநிமிர்ந்த வரலாறு நமக்கு அயலன்று. 1819இல் கணவருடன் நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட் அம்மையார், பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்பித்தார். அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் அவ்வருவாயைக் கொடுத்தே தம் விடுதலையைப் பெற்றனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்ததோ 1855இல்தான்! அம்மையாரின் மகள் எலிசா, 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்தபின் அக்கலையை இடையன்குடிப் பெண்களுக்கும் கற்பித்தார்.

இன்று பொத்தானை அழுத்தினால் இயந்திரமே பூப்போடும் என்பர். அது பாதி உண்மையே. அடியில் தாள் வைத்து, துணியைச் சட்டத்தில் பறைத்தோல்போல் விறைப்பாகப் பூட்டுவது நம் கைவேலை. தொய்ந்தால் பூவைச் சுற்றித் துணி சுருங்கும். இயந்திரத்தில் பதிந்துள்ள வடிவங்களுள் சிறிய, ஒரே நிறப் பூவை முதலில் தேர்ந்து, பழந்துணியில் தைத்துப் பாருங்கள். நாலைந்து தையல் விழுந்ததும் நிறுத்தி, நூல்நுனியைக் கத்தரியுங்கள். அடியில் நூல் சிக்குண்டால் மேல்நூலைப் புதிதாகக் கோத்திடுங்கள்.

விலையுயர்ந்த பொருளாயிற்றே, ஆசிரியை மட்டும் இயக்கட்டும் எனச் சிலர் கருதுகின்றனர். 'தொடாதே' என்னும் சொல்லை நம் முன்னோர் கேட்டது போதும். அதனை நம் பிள்ளைகளிடம் நாமே சொல்லலாமா? ஒவ்வொரு பெண்ணும் தன் கையால் துணி பூட்டி, தானே பொத்தானை அழுத்தட்டும். முதற் பூ கோணலாகலாம், அதனை எறியாதீர்கள். அடுத்த பூவுக்கு அதுவே பாடம்.