வட்டத்துக்கு வெளியே நிற்கும் பிள்ளை

மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டை, எல்கடுவ முதலிய பகுதிகளிலுள்ள தேயிலைத் தோட்டங்களில், காலையில் வேலைக்குப் புறப்படும் தாய்மார் தம் குழந்தைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுச் செல்வது நெடுநாளைய வழக்கம். அம்மடுவங்கள் பிற்காலத்தில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்னும் பெயர் பெற்றன. தொட்டில்களோடு பாட்டும் விளையாட்டும் அங்கே இடம்பெற்றன. பெயர் மாறினும் ஒரு காட்சி மாறவில்லை. பத்துப் பிள்ளைகள் கைகோத்து வட்டமாக ஆடும்போது, ஒரு பிள்ளை மட்டும் கதவு நிலையைப் பற்றிக்கொண்டு நிற்கும்.

அப்பிள்ளையைப் பிடித்திழுத்து நடுவில் நிறுத்துவோர் பலர். கூச்சப் பேர்வழி என்று பெயர் சூட்டிவிடுவோர் அவரினும் பலர். இரண்டும் பிழை. அப்பிள்ளை சும்மா நிற்கவில்லை, பார்க்கிறது. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சிறுவர் பிறரோடு கூடும் நிலைகளை ஆறாக வகுத்தார். பிறர் ஆடுவதைப் பார்த்து நிற்றலும், ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்து தனித்தனியே ஆடுதலும் அவற்றுள் அடங்கும். எல்லாப் பிள்ளைகளும் அவற்றைப் படிப்படியாக ஏறியே தீர வேண்டும் என்பதில்லை.

ஆய்வு எதுவும் படியாமலே ஊர்ப் பிள்ளைகள் இதற்கொரு வழி கண்டிருந்தனர். ஓட மாட்டாத தம்பியை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வார்கள். பிடிபட்டாலும் அவன் வெளியேற வேண்டியதில்லை. பெயர் நயமானதன்று, முறை மிக நயமானது.

ஆசிரியையும் அதனையே செய்யலாம். பாட மாட்டாத பிள்ளையிடம் தாளத்தைக் கொடுக்கலாம். பந்தை எடுத்து வரச் சொல்லலாம். முதலில் ஒரே ஒரு தோழனோடு ஆடவிட்டு, பிறகு மூன்றாமவனைச் சேர்க்கலாம். இதற்குச் சில கிழமைகள் செல்லும். அதற்குள் பெற்றோர் அவசரப்படுவதுதான் பெருந்தொல்லை!

சில வேளைகளில் காரணம் கூச்சமே அன்று. தமிழும் சிங்களமும் கலந்து வழங்கும் மாத்தளையில், மொழி விளங்காத பிள்ளையும் ஒதுங்கி நிற்கும். காது மந்தமான பிள்ளையும் அவ்வாறே நிற்கும். அழைத்தும் திரும்பாத பிள்ளையை மருத்துவரிடம் காட்டத் தாமதித்தல் கூடாது.

மாசி மகத்தையொட்டி மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதி வலம் வருகின்றன. முதலாண்டில் தகப்பனார் தோளிலிருந்து பார்த்த சிறுவன், மறுஆண்டில் அவர் கைக்குள் நின்று வடத்தைத் தொடுகிறான். தேர் அவன் இழுத்தா நகர்ந்தது? அவனைக் கேட்டால், ஆம் என்பான்.