69 லட்சம் ஓட்டும் ஒரு மூட்டை உரமும்

(தாலுகா அலுவலகம் முன்பு நடந்த தர்ணாவில் சங்கச் செயலாளர் பேசியது)



எனக்கு முன்னால் பேசியவர்கள் நம்ம கோரிக்கைகளை விளக்கமாகச் சொல்லிட்டாங்க. நான் பக்கத்து நாட்டில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்றேன். நம்மை மாதிரி நெல் போடுகிறவன் சம்பந்தப்பட்டது. கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

இலங்கையில் 2019 நவம்பரில் ஜனாதிபதி தேர்தல் நடந்தது. அந்த வருஷம் ஈஸ்டர் நாளில் குண்டு வெடிச்சு 250 பேருக்கு மேல் செத்துப்போன பயம் மக்கள் மனசில் இருந்தது. பாதுகாப்பு தருவேன் என்று கோத்தபய ராஜபக்ச நின்றார். 69 லட்சத்துக்கு மேல் ஓட்டு, 52 சதவீதம். பதவியேற்றது எங்கே தெரியுமா? அனுராதபுரத்தில். குளமும் நெல்வயலுமா இருக்கிற ஊர். அடுத்த வருஷம் ஆகஸ்டில் பாராளுமன்றத் தேர்தல். 225 இடத்தில் அவர் கட்சிக்கு 145. இனிமேல் யார் அசைக்க முடியும் என்று எல்லோரும் நினைச்சாங்க.

வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்கள் பெரும்பாலும் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. போர் முடிந்த 2009-ல் அவர்தான் பாதுகாப்புச் செயலாளர். காணாமல் போன பிள்ளையின் போட்டோவை வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருந்த தாய்மார் குரல் அவர் காதில் விழவில்லை. சிங்கள விவசாயி அன்றைக்கு அது தன் பிரச்சினை இல்லை என்று இருந்திருப்பான். தன் முறையும் வரும் என்று அவனுக்குத் தெரியாது.

இனி உரத்துக்கு வருவோம். நெல் விவசாயிக்கு உரம் இலவசம் என்று தேர்தலில் வாக்குறுதி கொடுத்திருந்தார். இயற்கை விவசாயத்துக்குப் பத்து வருஷத்தில் மாறுவோம் என்றும் அதே அறிக்கையில் இருந்தது. பத்து வருஷம் என்றால் நியாயம்தான். ஆனால் 2021 மே மாதம் ஒரே உத்தரவில் ரசாயன உரம், பூச்சி மருந்து இறக்குமதிக்கு மொத்தமாகத் தடை போட்டார். மக்கள் உடம்பு கெடுகிறது என்று காரணம் சொன்னார்கள். டாலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது என்பது சொல்லாத காரணம்.

இயற்கை உரத்தை நான் குறை சொல்ல வரவில்லை. எங்க வயல்லயே ஒரு ஏக்கரை அப்படி மாத்தினேன். தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழுது, தொழுவுரம் அடிச்சு, முதல் வருஷம் பாதி விளைச்சல்தான் கண்டேன். மூணாவது வருஷம்தான் மண்ணு பேச ஆரம்பிச்சது. மீதி நிலத்தில் விளைஞ்சதை வச்சு அந்த மூணு வருஷம் சாப்பிட்டோம். ஒரு நாடு முழுக்க ஒரே போகத்தில் மாறு என்றால் எதை வச்சுச் சாப்பிடுவது? அத்தனை ஏக்கருக்கும் எருவுக்கு எங்கே போவது?

அங்கே வேளாண் பேராசிரியர்கள் எச்சரித்தார்கள். எதிர்த்துப் பேசிய ஒருவரை வேளாண்மை அமைச்சகப் பொறுப்புகளிலிருந்து நீக்கினார்கள். சீனாவிலிருந்து இயற்கை உரம் கப்பலில் வந்தது. சோதித்தால் பயிருக்குக் கேடு செய்யும் கிருமி இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இறக்காத சரக்குக்குக் கடைசியில் 67 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று.

நம்ம சம்பா மாதிரி அங்கே பெரும்போகம். தூர் கட்டுகிற நேரத்தில் கையில் யூரியா இல்லை. விவசாயிகள் ரோட்டுக்கு வந்து அமைச்சர் உருவபொம்மையைக் கொளுத்தினார்கள். அதே 2021 நவம்பர் 19-ம் தேதி டெல்லியில் மூன்று வேளாண் சட்டங்களையும் வாபஸ் வாங்குகிறோம் என்று நம்ம பிரதமர் அறிவித்தார். ஐந்து நாள் கழித்து 24-ம் தேதி இலங்கை அரசு உரத்தடையை விலக்கியது. ஒரே வாரத்தில் இரண்டு அரசுகள் விவசாயி முன்னால் இறங்கி வந்தன.

ஆனால் பயிருக்கு நாள் காத்திருக்குமா? உத்தரவை வாபஸ் வாங்கலாம், பருவத்தை வாங்க முடியுமா? அந்தப் போகத்தில் நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. தன் அரிசியைத் தானே விளைவித்துச் சாப்பிட்ட நாடு வெளியே கையேந்தியது. தமிழ்நாட்டிலிருந்து 40 ஆயிரம் டன் அரிசி கொடுப்பதாக முடிவாகி, முதல் கப்பல் 2022 மே 18-ம் தேதி சென்னையிலிருந்து கிளம்பியது. பசிச்சவனுக்குக் கொடுத்ததில் நமக்குப் பெருமைதான். அந்தக் கப்பல் ஏன் போக வேண்டி வந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

உரம் ஒன்றே அவரைக் கவிழ்த்தது என்று சொன்னால் அது பொய். வந்த உடனே வரியைக் குறைத்தார், கஜானா காலி. கொரோனாவில் சுற்றுலா போச்சு. பழைய கடன் கழுத்தை நெரித்தது. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாள்கணக்கில் க்யூ. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு கைவிரித்தது. ஜூலையில் கொழும்பில் உணவுப் பொருள் விலைவாசி ஒரு வருஷத்தில் 90 சதவீதம் ஏறியிருந்தது. ஆனால் கிராமத்தில் அவருக்கு இருந்த வேரை அறுத்தது உரம்தான்.

2022 ஏப்ரல் 18-ம் தேதி அவரே ஒத்துக்கொண்டார், உரத்தை நிறுத்தியது தப்பு என்று. காலம் கடந்துவிட்டது. அதற்குள் காலிமுகத்திடலில் இளைஞர்கள் கூடாரம் போட்டு, 'கோட்டா வீட்டுக்குப் போ' என்று முழங்கிக்கொண்டிருந்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஜூலை 9 அன்று ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள்ளேயே புகுந்தார்கள். 13-ம் தேதி ராணுவ விமானத்தில் மாலத்தீவு, அங்கிருந்து சிங்கப்பூர். ராஜினாமாக் கடிதம் ஈமெயிலில் வந்தது. 69 லட்சம் ஓட்டு மூன்று வருஷம் தாங்கவில்லை. 2023 நவம்பரில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமும் பொருளாதாரச் சீரழிவுக்கு அவரும் அவர் சகோதரர்களும் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. 2019 தேர்தலில் 3 சதவீத ஓட்டு வாங்கிய அனுர குமார திசாநாயக்க 2024-ல் ஜனாதிபதி ஆனார்.

இதை ஏன் இங்கே சொல்றேன்? ஆட்சியைக் கவிழ்க்க நாம் வரவில்லை. நம்மைக் கேட்டு முடிவெடுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம். ஓட்டு என்பது வெத்துத் தாளில் வைத்த கைநாட்டு இல்லை. போன மாசம் யூரியா வாங்கப் போனேன். கூடவே எனக்கு வேண்டாத ஒரு டப்பாவையும் தலையில் கட்டினார்கள். கூட்டுறவு சங்கத்தில் கேட்டால் ஸ்டாக் இல்லை. தூர் கட்டுகிற நெல்லுக்கு அந்தப் பதில் புரியுமா?

இன்னொன்று நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டியது. அடுத்த ஊர்க்காரன் நிலத்துக்குப் பாதிப்பு வரும்போது நாம் வீட்டில் இருந்துவிட்டு, நம்ம வரப்புக்கு வரும்போது மட்டும் கத்தினால் யார் வருவார்கள்? சங்கம் என்பது அதற்குத்தான்.

ஆகவே அதிகாரிகளைக் கேட்கிறோம்:

பருவத்துக்கு முன்பே கூட்டுறவு சங்கங்களில் உரம் இருப்பு வை!
உரத்தோடு வேறு சரக்கைத் தலையில் கட்டுவதைத் தடுத்து நிறுத்து!
விவசாயம் பற்றிய எந்த முடிவையும் விவசாயிகளைக் கூப்பிட்டுப் பேசி எடு!

மனுவை வாங்கிக்கொண்டு தேதி சொல்லும் வரை இந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டோம்.