குளியலறையின் நான்கு அங்குலப் படி

(வீட்டில் வியாதியஸ்தரைப் பராமரிப்போருக்கான கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



வியாதியஸ்தரை வீட்டில் வைத்துப் பராமரிப்பதைக் குறித்துப் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். மருந்தைப் பற்றி டாக்டர்கள் சொல்வார்கள். படுக்கைப் புண் வராமல் காப்பதைப் பற்றி நர்சுகள் சொல்வார்கள். நாங்கள் குளியலறையைப் பற்றிப் பேச விரும்புகிறோம். குருவானவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். எங்கள் சொந்த வீட்டில் நாங்கள் செய்த தவறுகளே எங்களை இதைப் பேசவைக்கின்றன.

எங்கள் அக்காள் பல வருஷம் பள்ளி ஆசிரியையாக இருந்தவர்கள். மழையானாலும் பனியானாலும் காலை ஐந்து மணிக்குக் குளித்த பிறகுதான் அடுப்படிக்குள் கால் வைப்பார்கள். அவர்களுக்கு மோட்டார் நியூரான் வியாதி வந்தது. தசைகளை இயக்குகிற நரம்புகள் கொஞ்சங் கொஞ்சமாகச் செயலிழந்துபோகிற வியாதி அது. அதைக் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. முதலில் கால் தளர்ந்தது. ஊரில் தனியே இருந்தவர்களை எங்களோடு அழைத்து வந்தோம்.

வந்த இரண்டாம் வாரமே குளிப்பதைத் தட்டிக்கழிக்கத் தொடங்கினார்கள். "சளி பிடிக்கிற மாதிரி இருக்கு தம்பி, நாளைக்குப் பார்ப்போம்" என்பார்கள். மறுநாள் வேறொரு காரணம் வரும். ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு பத்து நாட்கள் போயின. மனம் சோர்ந்துவிட்டது என்று எண்ணி, பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னோம், ஜெபித்தோம். பெரிய வியாழன்தோறும் கால் கழுவும் ஆராதனை நடத்துகிற எங்களுக்கு, அவர்கள் ஏன் குளிக்கவில்லை என்று விசாரிக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்த இளம் பிசியோதெரபிஸ்ட்தான் அதைக் கேட்டார். "டீச்சர், குளிக்கப் போகும்போது எந்த இடத்தில் பயமா இருக்கு?"

அக்காள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் படிதான் தம்பி. காலைத் தூக்கி வைக்க முடியலை. உள்ளே போனா பிடிக்க ஒண்ணும் இல்லை. விழுந்துட்டா கதவை யார் திறப்பா?" என்றார்கள்.

அன்றே அளந்து பார்த்தோம். தண்ணீர் வெளியே வராதபடி கட்டியிருந்த நிலைப்படி நான்கு அங்குலம். நாங்கள் நாள்தோறும் கவனியாமல் தாண்டின அந்த நான்கு அங்குலம் அவர்களுக்கு மலையாக இருந்திருக்கிறது.

படியின்மேல் சரிவு போடலாமா என்று பார்த்தோம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு. நான்கு அங்குலத்துக்கு நான்கு அடி வேண்டும். எங்கள் நடையில் அதற்கு இடமில்லை. ஆகவே கொத்தனார் படியையே எடுத்துவிட்டு, தண்ணீர் போகும் துவாரத்தை நோக்கித் தரை சரியும்படி, வழுக்காத சொரசொரப்பான ஓடுகளைப் பதித்தார். உள்பக்கம் திறந்த கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். ஏனெனில் உள்ளே விழுந்தவர் கதவின்மேல் சாய்ந்து கிடந்தால் வெளியே இருப்பவர் அதைத் தள்ளித் திறக்க முடியாது. உள்தாழ்ப்பாளையும் எடுத்துவிட்டோம்.

பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி ஒன்றை நாங்களே சுவரில் பொருத்தினோம். அக்காள் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்கள். எட்டவில்லை! எங்கள் உயரத்துக்கு அளவெடுத்திருந்தோம், அவர்களைக் கேட்கவில்லை. மறுபடியும் கொத்தனாரை அழைத்தபோது, அக்காளே உட்கார்ந்த இடத்திலிருந்து சாக்பீஸால் சுவரில் கோடு போட்டார்கள். பள்ளிக்கூடத்தை விட்டபின் அவர்கள் சாக்பீஸ் பிடித்தது அன்றுதான்.

அந்தக் கோட்டைப் பார்த்தபோது எங்களுக்கு டாக்டர் மேரி வர்கீஸின் நினைவு வந்தது. 1954ஆம் ஆண்டு கார் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, கால்கள் செயலற்றுப்போன பின்னும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தவர் அவர். வேலூரை அடுத்த பாகாயத்தில் 1966இல் தொடங்கிய புனர்வாழ்வு நிலையம் உருவாகக் காரணமாயிருந்தவரும் அவரே. நாற்காலியில் இருப்பவருக்குத் தெரிவது எதிரே நிற்பவருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது தவறு மூன்றாம் மாதத்தில் தெரிந்தது. கைகளும் தளர்ந்தன, ஆசையாய்ப் பொருத்திய கம்பியை அக்காளால் பிடிக்க முடியவில்லை. "இந்த வியாதியில் இன்றைய நிலைமைக்கு மட்டும் ஏற்பாடு செய்யக்கூடாது ஐயா; இன்னும் மூன்று மாதத்தில் என்ன தேவைப்படும் என்று பார்க்க வேண்டும்" என்றார் பிசியோதெரபிஸ்ட். அதன்பின் சக்கரமும் பிரேக்கும் வைத்த, நடுவில் துவாரமுள்ள நாற்காலியை வாங்கினோம். படுக்கையிலிருந்து அதில் ஒருமுறை மாற்றினால் போதும். கழிப்பறைக்கும் குளியலுக்கும் அதுவே. வாங்குமுன் கதவு நிலையின் உள் அகலத்தை அளந்து, திறந்த கதவு அடைக்கும் இடத்தையும் கழித்துப் பார்த்தோம். நல்லவேளை, படியை முன்னமே எடுத்திருந்தபடியால் நாற்காலி தடையின்றி உள்ளே போயிற்று.

உங்கள் வீட்டுக்கு உதவும் சில காரியங்களைச் சொல்கிறோம். துண்டு போடும் கம்பி துண்டை மட்டுமே தாங்கும். அதைப் பிடித்து எழுந்திருக்க விடாதீர்கள். கைப்பிடிக் கம்பியின் திருகாணி சிமெண்டுப் பூச்சோடு நில்லாமல் செங்கல்லுக்குள் ஆழமாக இறங்க வேண்டும். வாடகை வீட்டில் சுவரைத் தொட முடியாதவர்கள், கை வைத்த உறுதியான நாற்காலியும், காலின்கீழ் ரப்பர் விரிப்பும், குனியாமல் மொள்ளும்படி வாளியை ஏற்றிவைக்க ஒரு முக்காலியும் வாங்கினாலே பெரும் மாற்றம் வரும். நாற்காலிக் கால்களில் ரப்பர் குமிழ் இருக்கட்டும். கடையில் டெலிபோன் ஷவர் என்று கேட்டால் நீளக் குழாயோடு கிடைக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு அதுவே வசதி. வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு வெந்நீர். ஊற்றுமுன் உங்கள் முழங்கையை நனைத்துச் சூடு பாருங்கள். தண்ணீர் சுடவைக்கும் மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றாமல் வாளியைத் தொடாதீர்கள். மூச்சு வாங்கினாலோ தலை சுற்றினாலோ அன்றைக்குக் குளியலை நிறுத்திவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, வியாதியஸ்தரிடம் கேளுங்கள். எதற்குப் பயப்படுகிறார், யார் குளிப்பாட்டினால் கூச்சமில்லை என்று அவரே சொல்லட்டும். அக்காளுக்குத் தம்பியாகிய எங்கள் உதவி கதவுவரையில்தான். அதற்குமேல் எங்கள் துணைவியாரின் பொறுப்பு. மெல்லிய சேலையொன்றைப் போர்த்தி, அதன்மேலேயே தண்ணீர் ஊற்றுவார்கள். "மதினி, முதலில் தலைக்கா, தோளுக்கா?" என்று தினமும் கேட்பார்கள். தோளுக்கு என்றே தினமும் பதில் வரும். பேச்சுக் குழறின பின்பு கண்ணால் தோளைக் காட்டுவார்கள்.

இந்த வியாதியில் தசை தளர்ந்தாலும் தொடு உணர்வு பெரும்பாலும் குறைவதில்லை. கையை அசைக்க முடியாத அக்காளுக்குத் தோளில் விழும் வெந்நீரின் இதம் முன்போலவே தெரிந்தது. வியாதி ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டபோது, அந்தக் காலைக் குளியல் மட்டும் மிஞ்சியிருந்தது. நாங்கள் கேட்காமலிருந்த பத்து நாட்கள், அதையும் நாங்களே பறித்திருந்தோம். அவர்களுக்கு இருந்த காலைகள் எண்ணப்பட்டவை. அந்தப் பத்தை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அக்காள் கர்த்தருக்குள் நித்திரையடைவதற்கு நான்கு நாள் முன்புவரை அந்த நாற்காலியில் குளித்தார்கள். இப்போது அது பக்கத்துத் தெருவில், பக்கவாதத்தில் விழுந்த ஒரு சகோதரரின் வீட்டில் இருக்கிறது. சுவர்க் கம்பி எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அறுபதைத் தாண்டிவிட்ட நாங்கள் காலையில் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறோம்.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் குளியலறை வாசலில் நின்று அந்தப் படியை அளந்து பாருங்கள். உள் அறையில் வியாதியாய்ப் படுத்திருப்பவர் ஒருவர் இருந்தால், அவர் அருகே உட்கார்ந்து, எந்த இடத்தில் பயம் என்று கேளுங்கள்.