பாதி வழியில் நின்ற துடுப்பு



வென்றவரைப் பாடுவது எளிது. போட்டியை முடிக்காமலே மாண்ட ஒரு படகோட்டியை இன்று நாம் பாட எடுத்துக்கொண்டோம். அவர் ஜேம்ஸ் ரென்ஃபோர்த். 1842இல் வட இங்கிலாந்தில், டைன் ஆற்றங்கரையில் பிறந்தவர். கொல்லன் பட்டறையில் சம்மட்டி அடித்து உரமேறிய தோள்கள் அவருடையவை.

1868 நவம்பரில் இலண்டன் தேம்ஸ் ஆற்றில் ஹாரி கெல்லியை வென்று, உலக வீரர் என்னும் பட்டத்தைப் பெற்றார். இந்தக் கெல்லியின் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1870இல் ரென்ஃபோர்த்தின் நால்வர் குழு கனடா சென்று, செயிண்ட் ஜான் நகரத்துக் குழுவை வென்றது. அக்குழுவினரும் உழைப்பாளிகளே. மூவர் மீனவர்; ஒருவர் கலங்கரை விளக்கக் காவலர். 1867இல் பாரிசில் வெற்றி கண்டதால் 'பாரிஸ் குழு' என்று பெயர் பெற்றவர்கள். விடுவார்களா? மறு ஆண்டே மறு போட்டி வந்தது.

1871 ஆகஸ்டு 23. செயிண்ட் ஜானுக்கு அருகே கென்னபெக்காசிஸ் ஆறு. ஆறு மைல் போட்டி. இவ்வகைப் படகில் துடுப்பு வலிப்போர், படகு செல்லும் திசைக்கு முதுகைக் காட்டியே அமர்வார்கள். ஆகவே பின்கோடியில் இருப்பவரின் வீச்சைப் பார்த்துத்தான் மற்ற மூவரும் வலிக்க வேண்டும். அந்த இடத்தில் ரென்ஃபோர்த். அவர் முதுகுக்குப் பின்னே இருந்தவர் யார் தெரியுமா? அதே ஹாரி கெல்லி! பழைய எதிராளி இப்போது கூட்டாளி.

படகு சிறிது தூரமே சென்றது. ரென்ஃபோர்த்தின் துடுப்பு தடுமாறியது. அப்படியே கெல்லியின் மேல் சாய்ந்தார். கரை சேர்த்தும் உயிர் நிற்கவில்லை. வயது 29. நஞ்சிட்டுவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. நுரையீரலில் இரத்தம் தேங்கியதே காரணம் என்று விசாரணை முடிந்தது.

உடல் கேட்ஸ்ஹெட் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கே எழுப்பிய நினைவுச் சின்னத்தில், பட்டம் வென்ற காட்சியைச் செதுக்கவில்லை; கெல்லியின் கைகளில் அவர் சாய்ந்த காட்சியைச் செதுக்கினார் சிற்பி ஜார்ஜ் பர்ன். நம் புலவர் மரபில் இதைக் கையறுநிலை என்போம். அவர் மாண்ட ஆற்றங்கரையில் இருந்த ஊரோ, அவர் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டது. நாமும் நான்கு அடி பாடுவோம்:

துடுப்பெடுத்த கையோயத் தோள்சாய்ந்த வேளையிலே
தடுத்தணைத்த கையெவர்கை? தன்னிடமே தோற்றவன்கை!
விடுத்தவுயிர் போனாலும் வீரனவன் பேரதனை
எடுத்துவைத்துக் கொண்டதுகாண் எதிராளி ஊரொன்றே!

1998இல் அவ்வூர் ராத்சே நகரோடு சேர்க்கப்பட்டது. ஆயினும் அந்தப் பகுதிக்கு ரென்ஃபோர்த் என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது.