களைதலும் ஓர் அறிவு



கணிப்பொறியை இயக்கும் இயங்குதளங்களுள் டெபியன் என்பது ஒன்று. இதனை 1993ஆம் ஆண்டில் இயன் மர்டாக் என்பவர் தொடங்கினார். இதன் மென்பொருள்கள் ‘பொதி’ எனப்படும் தனித்தனிக் கட்டுகளாக அமைந்தவை. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த 12ஆம் பதிப்பில் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. எளிய பணிக்கு இவற்றுள் சில நூறே போதும்.

ஆயினும், நாம் கேளாத பொதிகளும் உடன்வந்து அமர்கின்றன. ஒரு பொதி இயங்குதற்கு இன்றியமையாதது அதன் ‘சார்பு’. இருந்தால் நன்று என்னும் அளவினது ‘பரிந்துரை’. நாம் தடுத்தாலன்றி நிறுவுகருவி இரண்டையுமே கொணர்ந்து சேர்க்கும்.

இதனால் வரும் கேடு யாது? இடம் வீணாதல் சிறு குறையே. பெருங்குறை வேறு. தரவைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்னும் மென்பொருளில் எவரோ ஒரு கள்ளவழியை ஒளித்து வைத்திருந்ததை, 2024 மார்ச்சுத் திங்களில் ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர் கண்டறிந்தார். தொலைவிலிருந்து கணிப்பொறியுள் நுழைய உதவும் ஓப்பன்-எஸ்எஸ்எச் மென்பொருளுக்கு அச்சுருக்குக் கருவி நேரே தேவையன்று. டெபியன் முதலியவற்றில் இடையே இணைக்கப்பட்ட சிஸ்டம்-டி நூலகத்தின் வழியாகவே அது உட்புகுந்தது. டெபியனைப் பொறுத்தவரை கேடு சோதனை நிலைப் பதிப்புகளோடு நின்றது. பலர் நாளும் பயன்படுத்தும் நிலைப்பதிப்பை அடையவில்லை. சார்பு ஒவ்வொன்றும் ஒரு வாயில் என்பதை இந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது.

அங்ஙனமாயின், கண்டவற்றையெல்லாம் பிடுங்கி எறியலாமோ? ஆகாது. நாற்றையும் புல்லையும் பிரித்தறியாதவன் களையெடுக்கப் புகுந்தால் வயலே பாழாகும் அன்றோ? டெபியனில் ‘இன்றியமையாதவை’ எனக் குறிக்கப்பட்ட பொதிகளைத் தொடலாகாது. அவை நீங்கின் இயங்குதளமே குலையும்.

நாம் கேட்டு வந்தது எது, பிறிதொன்றின் பொருட்டு வந்தது எது என்பதை நிறுவுகருவி குறித்து வைக்கிறது. வரவழைத்த பொதி நீங்கியபின், அதன் பொருட்டே வந்தது ஆதரவற்று நிற்கும். அதனைக் களைய ‘ஆட்டோரிமூவ்’ என்னும் கட்டளை உண்டு. எனினும், முதலில் ஒத்திகை பாருங்கள். எதையும் நீக்காமல், எவையெவை நீங்கும் என்னும் பட்டியலை மட்டும் கருவி காட்டும். அதனை வரிவரியாகப் படியுங்கள். பின்னரே ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

“இது யார் பொருட்டு இங்கே இருக்கிறது?” என்னும் வினாவுக்கு விடை கண்டவனே களையத் தக்கவன். விடை காணுமுன் நீக்குவது அறியாமை. விடை கண்டும் நீக்காதிருப்பது சோம்பல். இரண்டையும் தவிர்ப்பீர்களாக!